டிரான்ஸ்மிட்டர் இலக்கணம்: சேலம், நாமக்கல் சமவெளிக்கு

பாயிரம்

எந்த நூலுக்கும் எல்லை சொல்லித் தொடங்குவது மரபு. இந்நூலின் எல்லை: வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இடைப்பட்ட நிலத்தில் கஞ்சமலை, ஜருகுமலை, நைனாமலை, சங்ககிரி, திருச்செங்கோடு என்று ஆங்காங்கே குன்றுகள் நிற்கின்றன. ஆகவே இதைச் சமவெளி என்றால் வரைபடம் போடுவோர் ஒப்புவர். ரேடியோ அலை ஒப்பாது.

நுதலிய பொருள்: பண்பலை டிரான்ஸ்மிட்டர் அன்றாடப் புழக்கத்தில் எவ்வளவு நம்பத்தக்கது என்பது. கேட்போர்: நிலையம் நடத்துவோர், நடத்த விண்ணப்பம் போட்டுக் காத்திருப்போர், பாதிப் பாட்டில் இரைச்சல் வந்து ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தோர். பயன்: தட்ட வேண்டிய பெட்டி எது என்று தெளிதல்.

வந்த வழியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பண்பலை முதன்முதலில் ஒலித்தது 1977 ஜூலை 23 அன்று, சென்னையில். கல்வி நிறுவனங்கள் சொந்தமாகச் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசு 2002-ல் கதவைத் திறந்தது. அந்தக் கதவில் முதலில் நுழைந்தது அண்ணா பல்கலைக்கழகம்; 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் 2006-ல் வழி பிறந்தது. சேலம் நகரத்துத் தனியார் நிலையங்கள் அரசின் மூன்றாம் கட்டப் பண்பலை ஏலத்துக்குப் பிறகு வந்தவை. ஆக, இந்தச் சமவெளியில் டிரான்ஸ்மிட்டர் இளைய குடி. நோய்கள்தாம் மூத்தவை.

முதல் இயல்: வகை

டிரான்ஸ்மிட்டர் மூவகைப்படும்: மலையன, நகரத்தன, வளாகத்தன.

மலையன என்பவை அகில இந்திய வானொலியின் உடைமை. கொடைக்கானல் மலையில் 100.5 மெகாஹெர்ட்சில் நிற்கும் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் இவ்வகைக்குத் தலை. அத்தனை உயரத்தில் நின்றால் அடிவானம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளிப் போய்விடும். பல மாவட்டம் கேட்கும். இந்த அளவுள்ள டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் ஐந்தும் ஐந்துமாக இரு பாதி கொண்டவை. ஒரு பாதி படுத்துவிட்டால் மீதி எவ்வளவு? ஐந்து என்பார் கணக்கு வாத்தியார். இரு பாதியையும் சேர்த்துவிடும் இணைப்பியின் கணக்கு வேறு: ஆன்டெனாவுக்குப் போவது 2.5 கிலோவாட், இன்னொரு 2.5 உள்ளேயே வெப்பமாகக் கழியும். சுவிட்சை மாற்றி நேர்வழியில் விட்டால்தான் ஐந்தும் கிடைக்கும். பாதி உடம்பு போனால் கால் பங்கு பலம் என்பது மலையனவற்றின் உடற்கூறு. ஆயினும் அவை முழுதாக வாய் மூடுவது அரிது.

நகரத்தன, தனியார் நிலையத்தவை. சில கிலோவாட் பலம் உடையவை. ஜெனரேட்டர், யுபிஎஸ், மாற்று டிரான்ஸ்மிட்டர், மாதச் சம்பளத்தில் இன்ஜினீயர் என்னும் நான்கு காவலும் உண்டு. இவற்றின் நம்பகத்துக்குக் காரணம் கருவியின் தரம் என்பாரும் உளர். அஃது அத்தனை பொருந்தாது. நகைக்கடை விளம்பரம் அரை நிமிடம் விட்டுப்போனால் பில் போட முடியாது. ஆகவே கெட விடமாட்டார்கள்.

வளாகத்தன, கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிக்கு உரியவை. அரசு இவற்றுக்குப் பொதுவாக இட்ட வரம்பு, ஆன்டெனாவின் ஆதாயம் சேர்த்து 100 வாட். ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டர். 50 வாட் பெட்டி ஒன்றும் சுமாரான ஆன்டெனா ஒன்றும் இருந்தால் வரம்பு நிறைந்துவிடும். எட்டும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர் என்பது அரசின் எதிர்பார்ப்பு. இடையில் ஒரு குன்று நின்றால் அதன் முதுகுப்புறத்து ஊர் கணக்கில் சேராது.

காவல் இல்லாத இடத்தில்தான் நோய் அதிகம். ஆகவே இந்நூல் இனிப் பேசுவது பெரும்பாலும் வளாகத்தனவற்றையே என்று கொள்க.

இரண்டாம் இயல்: மின்நோய்

கரண்ட் கெடும் வகை ஐந்து: போதல், தாழ்தல், ஏறல், ஒரு ஃபேஸ் போதல், நியூட்ரல் அறுதல்.

போதல் எல்லாரும் அறிந்தது. அறியாதது அதன் கணக்கு. மாதம் ஒரு நாள் துணைமின் நிலையப் பராமரிப்பு என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். காலை 9 மணிக்குப் போவது மாலை 5 மணிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 8 மணி, ஆண்டுக்கு 96 மணி. ஆண்டுக்கு மொத்தம் 8,760 மணி. வேறு எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், மாற்று மின்சாரம் இல்லாத நிலையத்தின் நம்பகம் 98.9 சதவீதத்தைத் தாண்டாது. அதன் டிரான்ஸ்மிட்டர் விவரப் புத்தகத்திலோ லட்சம் மணி நேரம் பழுதின்றி ஓடும் என்றிருக்கும். அதாவது பதினோரு ஆண்டுக்கு மேல். புத்தகம் எழுதியவர் அறிவிப்புப் படித்தவர் அல்லர்.

இதற்கு மருந்து யுபிஎஸ். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் சுவரிலிருந்து இழுப்பது நூற்றுச் சொச்சம் வாட். பழைய சீலிங் ஃபேன் இரண்டு இழுப்பதைவிட அதிகம் இராது. ஆனால் யுபிஎஸ்ஸும் இருவகைப்படும்: இருப்பது, இருப்பதாக நினைப்பது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய தேதி யாருக்கும் நினைவில்லை என்றால் அது இரண்டாம் வகை. மின்சாரம் போனதும் பீப் என்று இரண்டு குரல் கொடுத்துத் தானும் போய்விடும்.

தாழ்தலை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கிணற்று மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் பகுதி. தோட்டத்துக்காரர்கள் ராத்திரி எழுந்து போகச் சோம்பி ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். மும்முனை வந்த கணத்தில் அந்த லைனிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒருசேரக் கிளம்பும். கிளம்பும் மோட்டார், ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு இழுக்கும். நிலையத்தின் ட்யூப்லைட் இமை கொட்டும், ஸ்டெபிலைசர் டக்டக்கென்று படி ஏறும், வோல்ட்மீட்டர் முள் 230-லிருந்து 180-ஐ நோக்கிச் சாயும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி உயிர்த்தெழும், டிரான்ஸ்மிட்டர் அசையாது. இன்றைய பெட்டிகளின் மின்வழங்கி 90 வோல்ட் வரை தாங்குவதும் உண்டு. ஆகவே பழி டிரான்ஸ்மிட்டர்மேல், குற்றம் கம்ப்யூட்டர்மேல். இவ்வகைப் பழி மாறாட்டம் இந்நூலில் இனியும் வரும்.

ஏறல் அதன் மறுபக்கம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்கூடங்கள் ஒரே நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தினால் லைனில் சுமை குறையும், வோல்டேஜ் ஏறும். இதை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு ஃபேஸ் போதலின் இலக்கணம்: பக்கத்து அறையில் ஃபேன் சுற்றும், நிலையத்தில் சுற்றாது. ஈபிக்கு போன் போடுமுன் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பிப் பார்க்க.

நியூட்ரல் அறுதல் ஐந்திலும் கொடியது. கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்கு 400 வோல்ட் வரை வந்து சேரும். முன்னறிவிப்பு, பல்ப் திடீரென்று வழக்கத்துக்கு மீறிப் பிரகாசமாவது. அந்தப் பிரகாசத்தை வியந்து நிற்பவர் அடுத்த வினாடி இருட்டில் நிற்பார்.

மூன்றாம் இயல்: பூதநோய்

வானம், வெப்பம், தூசி, நீர் என நான்கு.

சித்திரை, வைகாசியில் மதியம் கொளுத்தி மாலையில் இடியோடு கோடை மழை இறங்குவது இந்நிலத்தின் வழக்கம். 30 மீட்டர் உயரத்தில் இரும்புக் கம்பம் நட்டவர் இடிக்கு முகவரி எழுதிக் கொடுத்தவர் ஆவார். இதற்குக் காப்பு எர்த். குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவது முறை. மூடியதோடு முடிந்தது என்று எண்ணுவதே பிழை. இங்கே சற்றுத் தோண்டினால் பாறை. மேல் மண் மாசி, பங்குனியில் காய்ந்து வெடிக்கும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. எர்த் காய்ந்து கிடக்கும்போதே இடி வந்து சேர்வது இச்சமவெளியின் சிறப்பு விதி. ஆகவே கோடையில் துளசிக்கு ஊற்றுவோர் எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுக. கேபிளின் மேலுறையையும் கம்பத்தின் அடியிலேயே எர்த்தோடு சேர்க்க வேண்டும். அறைக்குள் வந்த இடியை வெளியே அனுப்ப ஒரு நூலிலும் வழி சொல்லப்படவில்லை.

வெப்பம்: ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறை அதற்கும் மேல். மின்வழங்கியிலுள்ள கெபாசிட்டர் 10 டிகிரி கூடினால் பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்னணுவியலார் வாய்பாடு. ஏசி போட்டால் தீரும். ஏசியைப் பொறுப்பாளர் தம் அறைக்கு மாற்றிக்கொள்ளாதவரை.

தூசி: தறிப் பகுதியில் பஞ்சு, மேக்னசைட் சுரங்கப் பக்கம் வெண்பொடி, ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மாவு என்று ஊருக்கு ஒரு தூசி. எல்லாம் சேருமிடம் ஒன்றே: டிரான்ஸ்மிட்டரின் ஃபேன் வலை. வலை அடைத்தால் காற்று நிற்கும், காற்று நின்றால் சூடு ஏறும், சூடு ஏறினால் டிரான்ஸ்மிட்டர் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் மாதம் ஒருமுறை துடைத்தால் தீரும் நோய்க்குப் புதுப் பெட்டி கேட்டுக் கோப்பு நகர்த்துவதும் உண்டு.

நீர் நுழையும் வாயில் கனெக்டர். ஐப்பசி மழைக்குப் பிறகு ஆன்டெனா அடியிலுள்ள கனெக்டரைக் கழற்றிப் பார்த்தவர் அறிவர்: சுற்றிய டேப் வெயிலில் உரிந்து நாக்கு நீட்டியிருக்கும், திருகினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும், நடுவூசி பளபளப்புப் போய்ப் பச்சை பூத்திருக்கும். செம்பும் நீரும் சேர்ந்த பச்சை. அந்தப் பச்சையில் மோதி, மேலே போக வேண்டிய பவரில் ஒரு பங்கு கீழே திரும்பும். திரும்பும் அளவைச் சொல்லும் எண்ணுக்கு எஸ்டபிள்யூஆர் என்று பெயர். அது 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11. 3 என்றால் 25. கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். செலவு, ஓரடி கேபிள்.

நான்காம் இயல்: உயிர்நோய்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுத்தது தொல்காப்பியத்து மரபியல். டிரான்ஸ்மிட்டர் அறைக்கும் அப்பகுப்பு அப்படியே பொருந்துகிறது.

ஓரறிவுயிர், புல்லும் மரமும் கொடியும். ஸ்டே கம்பியில் ஏறும் கோவைக்கொடி தன்னளவில் சாது; ஐயறிவுயிருக்கு ஏணியாவதே அதன் குற்றம்.

ஈரறிவுயிர், நத்தை முதலியன. இவற்றால் ஒரு டிரான்ஸ்மிட்டரும் கெட்டதாகச் செய்தி இல்லை. வகை முழுமைக்காகச் சொல்லப்பட்டது.

மூவறிவுயிர், எறும்பும் கறையானும். ரிலே, சுவிட்ச் ஆகியவற்றின் இளஞ்சூட்டில் எறும்பு குடியேறும். தொடுமுனை இரண்டும் சேரும்போது இடையில் அகப்பட்டுத் தானும் கருகி, முனையையும் கருக்கும்.

நான்கறிவுயிர், தும்பி இனம். இங்கே தும்பி என்றது குளவியை. எங்கே சிறு துளை கண்டாலும் மண் பூசி அடைப்பது அதன் தொழில். தண்ணீர் வடிய விட்ட துளையை அது அடைத்துவிட்டால் முன்சொன்ன நீர்நோய் தொடரும்.

ஐயறிவுயிர் நான்கு: எலி, பல்லி, அணில், காகம். எலி கேபிளின் உறையைக் கடிக்கும். பல்லி மின்வழங்கியின் சூட்டுக்கு ஒதுங்கி, இரு முனைக்கும் பாலமாகி, ஃபியூஸோடு உயிர் விடும். அணில் மின்கம்பியில் ஓடி மின்தடை உண்டாக்குகிறது என்று 2021-ல் மின்துறை அமைச்சர் சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் அத்தனை உரக்கச் சிரிக்கவில்லை. காகமே இவற்றுள் தனித்துவம் உடையது. சித்திரையில் கூடு கட்ட அது தேடுவது சுள்ளி மட்டுமன்று. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பியும்தான். 100 மெகாஹெர்ட்சில் அலைநீளம் 3 மீட்டர். டைபோல் கம்பி ஒன்றரை மீட்டர். அதன் நடுவே முழக்கணக்கில் இரும்புக் கம்பி சுருட்டி வைத்தால் ஆன்டெனா தன் அளவை மறந்துவிடும், எஸ்டபிள்யூஆர் ஏறும். கலைக்கலாம் என்று மேலே ஏறினால் கூட்டில் முட்டை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டை கண்ட பிறகு கை வைக்க யாருக்கு மனம் வரும்? குஞ்சு பறக்கும்வரை நிலையம் குறைந்த பவரில் ஓடும்.

ஆறறிவுயிர் மனிதர். இவர் ஐவகைப்படுவர். துடைப்போர்: தரை துடைக்கப் பிளக்கைப் பிடுங்கி, துடைத்த பின் சொருக மறப்பவர். திருத்துவோர்: சத்தம் போதவில்லை என்று எல்லாக் குமிழையும் வலப்பக்கம் திருப்பிவைப்பவர், அலைவிலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டி எல்லார் குரலும் கரகரக்கும். இரவலர்: ஆண்டு விழா மேடைக்கென்று யுபிஎஸ்ஸை எடுத்துப் போனவர். பூட்டுவோர்: விடுமுறைக்கு அறையைப் பூட்டிச் சாவியைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போனவர். சோதிப்போர்: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பெட்டி வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பவர். வெளியே வழியில்லாத பவர் முழுவதும் உள்ளே திரும்பும். காப்புச் சுற்று ஒரு கணம் தாமதித்தால் டிரான்சிஸ்டர் காலி. முதல் ஐந்து அறிவுள்ளவை எல்லாம் சேர்ந்து செய்யும் சேதத்தை இவர் ஒருவர் ஒரு நொடியில் செய்வார்.

இதுவரை சொன்னவற்றுள் டிரான்ஸ்மிட்டர் தானாகக் கெட்டது எங்கே என்று மாணாக்கன் வினவலாம். எங்கும் இல்லை என்பதே விடை. கம்பி கெடும், காற்று கெடும், கரண்ட் கெடும். பெயர் மட்டும் பெட்டிக்கு.

ஐந்தாம் இயல்: அறிகுறி

நிலையம் கெட்டதைக் கேட்பவர் காதால் அறியலாம். அறிகுறி மூன்று: இரைச்சல், நிசப்தம், அயலார் பாட்டு.

உஸ்ஸென்ற இரைச்சல் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் நின்றுவிட்டது. அலை இல்லாத இடத்தில் பண்பலை ரேடியோ இரைவது இயல்பு.

இரைச்சலும் இன்றி நிசப்தமாக இருந்தால் டிரான்ஸ்மிட்டர் நன்றாக ஓடுகிறது. ஸ்டுடியோவிலிருந்து ஒலி வரவில்லை. கம்ப்யூட்டர் உறைந்திருக்கும், அல்லது மிக்சர் கம்பி கழன்றிருக்கும். இந்த நேரத்தில் டிரான்ஸ்மிட்டரைத் திறப்பது, மலச்சிக்கலுக்குப் பல் பிடுங்குவதற்குச் சமம்.

வேறு நிலையத்துப் பாட்டு கேட்டால் பவர் குறைந்துவிட்டது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் வந்தால் பண்பலை ரேடியோ வலுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மெலிந்ததை அடியோடு விட்டுவிடும். சமுதாய வானொலிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசைகள் சில, 90.4 போன்றவை தமிழ்நாட்டில் பல வளாகங்களுக்குப் பொது. நம் பவர் இறங்கியதும் எல்லையிலுள்ள ரேடியோ அடுத்த மாவட்டத்துக் கல்லூரிக்குக் கட்சி மாறிவிடும்.

இந்த மூன்றாவதே நுட்பம். முதல் இரண்டும் எல்லார்க்கும் ஒருசேரத் தெரியும்; உடனே ஆள் ஓடும். மூன்றாவது நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எஸ்டபிள்யூஆர் ஏறியோ சூடு ஏறியோ டிரான்ஸ்மிட்டர் 50 வாட்டிலிருந்து 12 வாட்டுக்குத் தானே இறங்கியதாகக் கொள்வோம். அலையின் வலு பாதியாகும். ஆன்டெனாவுக்கு நேர்கீழே உள்ள ஸ்டுடியோ ரேடியோவில் ஒரு வித்தியாசமும் இராது. அலை வலிமை ஒரு வரம்புக்கு மேல் இருக்கும்வரை பண்பலை ஒலி குறையாது; வரம்புக்குக் கீழ் போனால் ஒரேயடியாகச் சிதறும். ஆகவே எல்லையில் இருப்பவர் மட்டும் இழப்பார். அப்போது நடக்கும் உரையாடல் இவ்வாறு:

“ஏனுங்க, மூணு நாளா உங்க ஸ்டேஷன் எடுக்கறதில்லீங்களே?”

“இங்க நல்லாத்தானே கேக்குதுங்க. எந்த ஊருங்க நீங்க?”

“மல்லசமுத்திரம் பக்கமுங்க. தறிக்குடோன்ல போடுவோமுங்க.”

“ரேடியோல பேட்டரி பாத்தீங்களா?”

கேட்டவர் உண்மை சொன்னார். பதில் சொன்னவரும் உண்மையே சொன்னார். பழுது ‘இங்க’ என்பதற்கும் ‘பக்கம்’ என்பதற்கும் நடுவே நிற்கிறது. பதிவேட்டில் அன்றைய ஒலிபரப்பு முழு நேரம், தடங்கல் இல்லை என்றே எழுதப்படும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அறிவிக்க வேண்டிய கருவியே தடங்கலாகிவிட்டால் அறிவிப்பதற்கு யார் உளர்? அறிவித்தாலும் தடங்கல் இல்லாதவர் காதில்தான் விழும்.

இந்நூலின் துணிபு இது: டிரான்ஸ்மிட்டரின் நம்பகத்தை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் அளத்தல் ஆகாது. பெட்டியில் பச்சை விளக்கு எரிவது பெட்டியின் நலம். நிலையத்தின் நலம், எட்டும் எல்லையின் கடைசி ரேடியோவில் இருக்கிறது.

புறனடை

ஆகவே நிலையத்தார் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, முன்னோக்கிப் போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுதுக. எண் மெல்ல நகர்வதைக் காட்டிக்கொடுப்பது நோட்டு மட்டுமே. இரண்டு, கோடைக்கு முன்னும் ஐப்பசிக்குப் பின்னும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்து, புது டேப் சுற்றுக. மூன்று, நிலையத்திலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டரில் நான்கு திசைக்கும் ஒரு டீக்கடையோ தறிக்குடோனோ தேர்ந்து, விலை மலிந்த ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்து, நிலையத்து எலக்ட்ரீஷியனின் நம்பரை அதன் முதுகில் ஒட்டிவைக்க. எடுக்காவிட்டால் கூப்பிடுவார்கள். ஆண்டுப் பராமரிப்புச் செலவில் இதைவிட மலிவான கருவி இல்லை.

அப்படி ரேடியோ கொடுத்து, நம்பரும் ஒட்டி, மூன்று நாள் நிலையம் எடுக்காமல் இருந்தும் ஒரு திசையிலிருந்தும் போன் வரவில்லை என்றால், அது டிரான்ஸ்மிட்டர் நோயன்று, நிகழ்ச்சி நோய். அதற்கு இலக்கணம் வேறு நூலில் காண்க.